உலர்ந்த செம்பருத்தி: அடுக்களையில் எப்படி, உடலுக்கு எவ்வளவு?

உங்கள் கேள்வியில் இரண்டு பாதிகள் இருக்கின்றன. கையில் ஒரு பை உலர்ந்த செம்பருத்தி இருக்கிறது, அதைத் தேநீராகக் குடிப்பதைத் தவிரச் சமையலில் வேறு எப்படியெல்லாம் பயன்படுத்தலாம் என்பது முதல் பாதி. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, உடல் எடை ஆகிய நான்கையும் அது குறைக்கும் என்று சொல்கிறார்களே, அது உண்மையா என்பது இரண்டாம் பாதி. ஆனால், அழுத்தத்துக்கு ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொள்வதாகவும் தினமும் குடிக்கலாமா என்று தெரியவில்லை என்றும் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வந்தது அதுதான் என்று எடுத்துக்கொள்கிறேன். நான் உணவு வேதியியல் படித்தவன். பானங்களுக்குப் பயன்படும் உலர்தாவரங்களின் தரம் பார்க்கும் வேலையில் பல ஆண்டுகள் இருந்திருக்கிறேன். மருத்துவன் அல்லன். ஆகவே பொருளைப் பற்றியும் அதன் மீது நடந்த ஆய்வுகளைப் பற்றியும் உறுதியாகப் பேச முடியும். உங்கள் மாத்திரையின் அளவைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லை.

முதலில் அந்தப் பையில் இருப்பது எந்தச் செம்பருத்தி என்று பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பின்னால் நான் சொல்லப்போகும் அனைத்தும் அதைப் பொறுத்தே நிற்கிறது. தோட்டங்களில் அழகுக்காக வளர்க்கப்படும் செம்பருத்தி ஒரு செடி. உலகமெங்கும் பானமாகக் குடிக்கப்படுவது அதே பேரினத்தைச் சேர்ந்த வேறொரு செடி. பின்னதை ரோசெல் என்பார்கள், புளிச்சைக்கீரையின் நெருங்கிய உறவு. முன்னதில் காயவைக்கப்படுவது பூவின் இதழ். பின்னதில் காயவைக்கப்படுவது பூவே அல்ல, பூ உதிர்ந்த பிறகு விதைக்காயைச் சுற்றிச் சதைப்பற்றோடு பருத்து நிற்கும் சிவந்த புல்லிவட்டம். ஐயம் இருந்தால் ஒரு துண்டை வெந்நீரில் போட்டுப் பாருங்கள். ரோசெல் என்றால் சில நொடிகளில் நீர் மாணிக்கச் சிவப்பாக மாறும், ஒரு சொட்டு நாவில் பட்டாலே புளிக்கும். துண்டும் நீரில் விரிந்து, கூர்முனைகள் கொண்ட சின்னக் கிண்ணத்தின் வடிவத்துக்குத் திரும்பும். தோட்டச் செம்பருத்தியின் இதழ் என்றால் நீர் ஊதா சாயலில் மங்கலாக இருக்கும், புளிப்பு இராது, சற்றுக் கொழகொழப்பு தட்டுப்படும். எலுமிச்சைச் சாறு பிழிந்தால்தான் பளிச்சென்று சிவக்கும். இதழும் உண்ணத்தக்கதே. ஆனால் இரத்த அழுத்தத்தைப் பற்றிய மருத்துவ ஆய்வுகளில் நீங்கள் கேள்விப்படுவன ஏறக்குறைய எல்லாம் ரோசெலின் புல்லிவட்டத்தைக் கொண்டு செய்யப்பட்டவை. ஒன்றின் நற்சான்றை மற்றொன்றின் பொட்டலத்தில் ஒட்டி விற்பது இந்த வணிகத்தில் சாதாரணமாக நடக்கிறது. தலைமுடி வளர்ச்சி பற்றிப் பேசப்படுவதோ பெரும்பாலும் தோட்டச் செம்பருத்தியைக் குறித்தது; அதை ரோசெல் தேநீரோடு சேர்த்துப் பேசுவதில் பொருளில்லை.

இனி ரோசெலைச் செம்பருத்தி என்றே குறிப்பிடுகிறேன். பறித்த புல்லிவட்டத்தின் நடுவில் பச்சை விதைக்காய் இருக்கும். கூர்மையான சிறு குழாயைக் காம்புப் பக்கமாக அழுத்தி அந்தக் காயை வெளியே தள்ளிவிட்டு, மிஞ்சும் சிவப்பு உறையை மட்டும் காயவைக்கிறார்கள். பச்சை நிலையில் அதன் எடையில் பெரும்பகுதி நீர்தான் என்பதால் காய்ந்ததும் மிகச் சிறிதாகச் சுருங்கிவிடும். பல இடங்களில் இன்னமும் வெயிலில், பாயிலோ தரையிலோ பரப்பித்தான் உலர்த்துகிறார்கள். அதனால் மணலும் தூசியும் சில சமயம் பூச்சியும் ஒட்டிவருவது இயல்பு. சமைப்பதற்கு முன் வடிகட்டியில் போட்டுக் குளிர்ந்த நீரில் விரைவாக ஒரு முறை அலசுங்கள். ஊற விடாதீர்கள், நிறமும் புளிப்பும் முதல் நீரிலேயே போய்விடும். நல்ல சரக்கு கருஞ்சிவப்பாக இருக்கும், வளைத்தால் தோல்போல் வளைந்து பிறகு ஒடியும், புளித்த பழவாடை வீசும். பழுப்பேறியிருந்தால் பழையது அல்லது அதிக வெப்பத்தில் காய்ந்தது. கையில் ஈரப்பிசுக்கு ஒட்டினால் விரைவில் பூஞ்சை பிடிக்கும். ஒளியும் காற்றும் புகாத கொள்கலத்தில் வைத்தால் ஓராண்டு வரை நன்றாக இருக்கும். சர்க்கரை ஏற்றிக் காயவைத்த, மிட்டாய் போன்ற வகையும் விற்கப்படுகிறது. அது தின்பண்டம். கீழே சொல்லும் அளவுகள் எவையும் அதற்குப் பொருந்தா.

சமையலைப் பொறுத்தவரை இந்தப் பொருளை மூலிகையாக நினைப்பதைவிடப் புளிப்பூட்டியாக நினைப்பது பயன் தரும். காய்ந்த புல்லிவட்டத்தின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 30 விழுக்காடு கரிம அமிலங்கள்: சிட்ரிக் அமிலம், மாலிக் அமிலம், இச்செடிக்கே சிறப்பான ஹைபிஸ்கஸ் அமிலம் ஆகியவை. அதன் சாற்றின் பி.எச். அளவு (அமிலத்தன்மையின் அளவுகோல், எண் குறையக் குறைய அமிலம் கூடும்) பெரும்பாலும் 3-க்குக் கீழே இருக்கும், அதாவது எலுமிச்சைச் சாற்றுக்கு அருகில். நிறத்தைத் தருபவை ஆந்தோசயனின்கள், குறிப்பாக டெல்ஃபினிடின், சயனிடின் என்ற இரண்டின் சர்க்கரைக் கூட்டுப்பொருள்கள். இவை அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தன்மை ஏற ஏற ஊதா, நீலம், அழுக்குப் பச்சை என்றும் மாறக்கூடியவை. இவற்றோடு, ஜாமை உறைய வைக்கும் பெக்டினும் கொழகொழப்பான பலசர்க்கரைகளும் இருக்கின்றன. அமிலம், நிறம், பெக்டின் ஆகிய மூன்றையும் மனத்தில் வைத்துக்கொண்டால் எந்தச் செய்முறை சரிவரும், எது சொதப்பும் என்பதைச் செய்து பார்க்காமலே ஓரளவு ஊகித்துவிடலாம்.

பானத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உலகம் இதை அதிகம் பயன்படுத்துவது அப்படித்தான். சூடானிலும் எகிப்திலும் கர்க்கடே, செனகலில் பிஸ்ஸாப், நைஜீரியாவில் சோபோ, மெக்சிகோவில் அகுவா தெ ஹமாய்க்கா என்று வழங்கப்படுவன எல்லாம் அடிப்படையில் இதன் சாயநீரே. கரீபியத் தீவுகளில் இஞ்சியும் கிராம்பும் சேர்த்து, சில வீடுகளில் ரம்மும் ஊற்றிக் கிறிஸ்துமஸ் காலத்தில் குடிக்கிறார்கள். சூடாகக் குடிக்க ஒரு லிட்டர் கொதிநீருக்கு 10 கிராம் போதும். அடுப்பை அணைத்துவிட்டு, மூடி வைத்து, ஐந்தாறு நிமிடத்தில் வடித்துவிடுங்கள். நெடுநேரம் கொதிக்க விட்டால் துவர்ப்பும் வேகவைத்த காய் வாடையும் ஏறும், நிறத்தின் பளபளப்பும் குறையும், ஏனென்றால் ஆந்தோசயனின் வெப்பத்தில் சிதையும். எனக்குப் பிடித்தது குளிர்ந்த முறை. ஒரு லிட்டர் குடிநீரில் 20 கிராம் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வைத்தால் துவர்ப்பு மிகக் குறைந்து, பழச்சாறு போன்ற தெளிவான சுவை கிடைக்கும். இஞ்சி, பட்டை, ஆரஞ்சுத் தோல், புதினா இவற்றில் ஏதாவது ஒன்றே போதும். மூன்றையும் நான்கையும் சேர்த்தால் செம்பருத்தியின் சுவை மறைந்து நிறம் மட்டும் மிஞ்சும். சர்க்கரை விஷயத்தில் கவனம் தேவை. இதன் புளிப்பை வெல்ல ஒரு கோப்பைக்கு 25 கிராம் வரை எளிதாகச் செலவாகும், அதுவே 100 கலோரி. உடல்நலத்துக்காகக் குடிக்கத் தொடங்கியவர் இப்படி இனிப்பாக்கி மூன்று கோப்பை குடித்தால், வரவைவிடச் செலவு அதிகம்.

பாத்திரம் எது என்பது இங்கே சிறு விஷயம் அல்ல. இவ்வளவு அமிலமுள்ள நீரை அலுமினியத்திலோ, வெள்ளீயம் பூசாத பித்தளை, செம்பு இவற்றிலோ கொதிக்க வைத்தால் உலோகம் நீரில் இறங்கும். இரும்புச் சட்டியில் நிறமும் கருத்துவிடும். துருப்பிடிக்காத எஃகு, கண்ணாடி, பீங்கான் ஆகியவை போதும். கடின நீரில் நிறம் மங்கி ஊதாவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டியதில்லை, சில சொட்டு எலுமிச்சைச் சாறு அதைச் சரிசெய்யும். பாலோடு சேர்த்தால் திரிந்துவிடும். தயிர் ஏற்கெனவே புளித்தது என்பதால் அதில் பாகைக் கலக்கலாம், இளஞ்சிவப்பாக அழகாகவும் இருக்கும். கேக் மாவில் செம்பருத்திச் சாற்றை ஊற்றி, சமையல் சோடாவையும் போட்டவர்கள், வெந்த பிறகு சிவப்பு கேக்குக்குப் பதில் சாம்பல் நீலத்தில் ஒன்று வந்தது ஏன் என்று கேட்பார்கள். காரணம் சோடாவின் காரத்தன்மைதான். சிவப்பு வேண்டுமென்றால் சோடாவைத் தவிர்த்து பேக்கிங் பவுடரோடு நிறுத்திக்கொள்ளுங்கள், அல்லது நிறத்தை மாவில் தேடாமல் மேலே ஊற்றும் சர்க்கரைப் பூச்சில் தேடுங்கள். அங்கே ஒரு தேக்கரண்டி கெட்டிச் சாறு தரும் இளஞ்சிவப்பைச் செயற்கை நிறத்தால் தர முடியாது என்பது என் கருத்து.

பானத்துக்கு அடுத்தபடி வீட்டில் செய்து வைக்கத் தகுந்தது பாகு. 50 கிராம் செம்பருத்தியை அரை லிட்டர் நீரில் மெல்லிய தீயில் பத்து நிமிடம் வைத்து, ஆறவிட்டுப் பிழிந்து வடித்து, கிடைக்கும் சாற்றின் எடைக்குச் சமமான சர்க்கரை சேர்த்துக் கரையும் வரை மட்டும் சூடாக்குங்கள். கொதிநீரில் கழுவிய புட்டியில் ஊற்றிக் குளிரில் வைத்தால் சில வாரங்கள் தாங்கும். நாளாக நாளாகச் சிவப்பு பழுப்பை நோக்கிப் போவது இயல்பு, கெட்டுப்போனதன் அடையாளம் அல்ல. இந்தப் பாகைச் சோடா நீரில் கலக்கலாம், பழத்துண்டுகள் மேல் ஊற்றலாம், எண்ணெயும் உப்பும் மிளகும் சேர்த்து அடித்தால் பச்சைக் காய்க்கலவைக்கு நல்ல சாறாகும். ஜாம் செய்யப் பச்சைப் புல்லிவட்டமே சிறந்தது, ஏனென்றால் ஒதுக்கப்பட்ட விதைக்காய்களை வேகவைத்து வடித்த நீரில் பெக்டின் நிறைய இருக்கும். காய்ந்ததில் அந்த வசதி இல்லை. ஆகவே ஒரு ஆப்பிளைத் தோலோடும் விதைப்பகுதியோடும் துணியில் கட்டிக் கூடவே வேகவிட்டால் பதம் கிடைக்கும். அகர் அகர் கொண்டு ஜெல்லி செய்பவர்கள் அதைச் செம்பருத்திச் சாற்றில் போட்டுக் கொதிக்க வைக்கக் கூடாது, கடும் அமிலத்தில் கொதித்தால் அகர் உறையும் திறனை இழக்கும். வெறும் நீரில் முழுதாகக் கரைத்துவிட்டு, இறக்கிய பிறகு சாற்றைக் கலக்க வேண்டும். இதே அமிலக் கணக்கு உப்புச் சமையலுக்கும் பொருந்தும். பருப்பு, பயறு, உருளைக்கிழங்கு எதுவானாலும் நன்கு வெந்த பிறகே செம்பருத்தியைச் சேர்க்க வேண்டும், முன்பே சேர்த்தால் எவ்வளவு நேரம் வைத்தாலும் உள்ளே கட்டியாகவே நிற்கும். மெல்லியதாக அரிந்த வெங்காயத்தை உப்பும் சிறிது சர்க்கரையும் கலந்த சூடான செம்பருத்திச் சாற்றில் ஊறப்போட்டால் ஒரு மணி நேரத்தில் கரகரப்பான ஊறுகாய் தயார். காய்ந்ததைப் பொடித்து உப்பும் மிளகாய்த்தூளும் கலந்து வைத்துக்கொண்டால் பழத்தின் மேல் தூவலாம், வறுக்கப்போகும் இறைச்சியிலோ மீனிலோ தடவலாம். இந்தப் பொடி ஈரத்தை விரைவாக இழுத்துக் கட்டிபடும் என்பதால் சிறிய அளவில் அவ்வப்போது பொடிப்பதே நல்லது.

வடித்த பின் மிஞ்சும் சக்கையைத் தூக்கி எறியாதீர்கள். அதில் நார்ச்சத்து பெரும்பாலும் இருக்கிறது, புளிப்பும் ஓரளவு மிஞ்சியிருக்கும். மெக்சிகோவில் அதைப் பொடியாக நறுக்கி, வெங்காயம், பூண்டு, மிளகாயோடு எண்ணெயில் வதக்கி, சோளமாவு அடையில் வைத்து மடித்து உண்கிறார்கள். கடிக்கும்போது ஓரளவு இறைச்சியின் இழுவை தெரியும் என்பதால் இறைச்சி உண்ணாதவர்களிடையே இது பரவியிருக்கிறது. வதக்கும்போது தீ சற்றுக் கூடுதலாக இருந்து, ஓரங்கள் லேசாகக் கருகும் வரை விட்டால்தான் ஈரம் போய் அந்த இழுவை வரும். மிதமான தீயில் மூடி வைத்தால் குழைந்த தோல்போல் ஆகிவிடும்.

இனி மருத்துவம். நான்கு நன்மைகளில் இரத்த அழுத்தத்துக்கு மட்டுமே ஓரளவு திடமான சான்று இருக்கிறது என்று தயங்காமல் சொல்வேன். அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், அழுத்தம் சற்றே உயர்ந்திருந்த, அதற்கு மருந்து எதுவும் எடுக்காத 65 பேர் ஆறு வாரம் கலந்துகொண்டார்கள். ஒரு பிரிவினர் தினமும் 240 மில்லி வீதம் மூன்று கோப்பை செம்பருத்தித் தேநீரும், மற்றவர்கள் அதே நிறமும் சுவையும் கொண்ட போலிப் பானமும் குடித்தனர். மேல் அழுத்தம் (அளவீட்டில் முதலில் சொல்லப்படும் பெரிய எண்) முதல் பிரிவில் சராசரியாக 7.2 அலகு (மில்லிமீட்டர் பாதரசம்) இறங்கியது, போலிப் பானம் குடித்தவர்களுக்கு 1.3 அலகுதான். தொடக்கத்தில் அழுத்தம் அதிகமாக இருந்தவர்களுக்கே இறக்கமும் அதிகம். கீழ் அழுத்தத்தில் இரு பிரிவுக்கும் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. 2015-இல் ஐந்து ஆய்வுகளை, மொத்தம் 390 பேரை, ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டபோது மேல் அழுத்தத்தில் சுமார் 7.6 அலகும் கீழ் அழுத்தத்தில் சுமார் 3.5 அலகும் குறைவது தெரிந்தது. மெக்சிகோவில் 2004-இல் வெளியான ஆய்வு ஒன்றில் 10 கிராம் செம்பருத்தியின் சாற்றை நான்கு வாரம் குடித்தவர்களுக்கும், காப்டோப்ரில் என்ற அழுத்த மருந்தை 25 மில்லிகிராம் இரு வேளை எடுத்தவர்களுக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. இணையத்தில் "மருந்துக்குச் சமம்" என்று சுற்றுவது இதிலிருந்து வந்ததுதான். அதே குழு 2007-இல் லிசினோப்ரில் என்ற மருந்தோடு ஒப்பிட்டபோது மருந்தே மேலாக நின்றது என்பதை யாரும் பகிர்வதில்லை.

இந்த எண்களை எப்படிப் படிக்க வேண்டும் என்பதில்தான் பயிற்சி தேவைப்படுகிறது. ஆய்வுகள் சிறியவை, பெரும்பாலும் சில வாரங்களுக்கு மட்டுமே நடந்தவை. ஒவ்வொன்றிலும் அளவும் தயாரிப்பு முறையும் வேறு. ஒருவர் கொடுத்தது 4 கிராமுக்கும் குறைவு, மற்றவர் கொடுத்தது 10 கிராம், இன்னொருவர் கொடுத்தது செறிவூட்டிய பொடி. ஈரானில் 1999-இல் வெளியான ஆய்வில் பன்னிரண்டு நாளில் அழுத்தம் நன்றாக இறங்கியது. குடிப்பதை நிறுத்திய மூன்றே நாளில் குறிப்பிடத்தக்க அளவு மீண்டும் ஏறியது. ஆகவே இது குணப்படுத்துவதில்லை, குடிக்கும் வரையில் தாங்கிப் பிடிக்கிறது. சான்றுகளைக் கடுமையாக வடிகட்டும் காக்ரேன் அமைப்பு 2021-இல் இதை ஆராய்ந்து, உயர் இரத்த அழுத்தத்துக்குப் பரிந்துரைக்கவோ மறுக்கவோ போதிய சான்று இல்லை என்றே முடித்தது. இந்த முடிவுக்கும் மேலே சொன்ன எண்களுக்கும் முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. விளைவு உண்டு என்பதற்கான அறிகுறிகள் ஒரே திசையில் இருக்கின்றன. மாரடைப்பையோ பக்கவாதத்தையோ தடுக்கும் என்று காட்டிய நீண்டகால ஆய்வு இல்லை. விளைவுக்கான காரணமும் ஓரளவு புரிகிறது. காப்டோப்ரில் தடுக்கும் அதே நொதியைச் செம்பருத்தியின் ஆந்தோசயனின்கள் ஆய்வகக் குழாயில் தடுக்கின்றன, சாற்றுக்குச் சிறுநீர் பெருக்கும் இயல்பும் விலங்குகளில் காணப்பட்டிருக்கிறது. குழாயில் நடப்பது உடலில் எந்த அளவுக்கு நடக்கிறது என்பது தனிக் கேள்வி, ஏனென்றால் குடிக்கும் ஆந்தோசயனினில் மிகச் சிறு பங்கே இரத்தத்தில் சேர்கிறது.

மற்ற மூன்று நன்மைகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். கொழுப்பைப் பொறுத்தவரை, 17 ஆய்வுகளைத் தொகுத்த 2022-ஆம் ஆண்டின் மதிப்பீடு கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 7 மில்லிகிராம் குறைவதாகக் கண்டது. அது நல்ல செய்திதான், ஆனால் மருந்து தேவைப்படும் ஒருவருக்கு அது மருந்தின் இடத்தை நிரப்பாது. சர்க்கரை விஷயத்தில் ஆய்வுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. இனிப்பூட்டிய பானத்துக்குப் பதில் இனிப்பில்லாத இதைக் குடிப்பவருக்குக் கிடைக்கும் நன்மை மட்டும் ஐயமற்றது, அது வெறும் நீரிலும் கிடைக்கும். எடை குறைப்பு பற்றி இருப்பவை பெரும்பாலும் செறிவூட்டிய சாறு அடைத்த மாத்திரைகளைக் கொண்டு சிறு குழுக்களில் செய்தவை. அவற்றை வைத்து ஒரு கோப்பைத் தேநீருக்கு வாக்குறுதி தர மாட்டேன். வைட்டமின் சி நிறைந்தது என்பதும் பொட்டலங்களில் அடிக்கடி காணும் வாசகம். புளிப்பைப் பார்த்து அப்படி நம்புகிறார்கள். ஆனால் அந்தப் புளிப்பு பெரும்பாலும் வேறு அமிலங்களுடையது. காயவைத்து, கொதிநீரில் ஊற்றி வடித்த தேநீரில் எஞ்சும் வைட்டமின் சி மிகச் சொற்பம். காஃபின் இல்லை என்பது மட்டும் முழு உண்மை, இரவில் சூடாக ஏதாவது குடிக்க விரும்புபவர்களுக்கு அது ஒரு நன்மைதான்.

கவனிக்க வேண்டியவற்றில் பலரும் சொல்ல மறப்பது பல். பி.எச். 5.5-க்குக் கீழே போனால் பற்சிப்பி கரையத் தொடங்கும். இந்தப் பானம் 3-க்கும் கீழே இருக்கிறது. நாள் முழுவதும் சிறிது சிறிதாக உறிஞ்சுவதைவிட உணவோடு சேர்த்துக் குடித்து முடிப்பது நல்லது. குடித்த உடனே பல் துலக்காமல் வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். நெஞ்செரிச்சலும் இரைப்பைப் புண்ணும் உள்ளவர்களுக்கு இது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். கருவுற்றவர்களும் பாலூட்டுபவர்களும் மருந்தளவில் குடிப்பதைத் தவிர்ப்பதே முறை, ஏனென்றால் விலங்கு ஆய்வுகளில் தாய்க்குக் கொடுத்த சாறு குட்டிகளின் வளர்ச்சியைப் பாதித்த பதிவுகள் உள்ளன, மனிதரில் பாதுகாப்பைக் காட்டும் ஆய்வு இல்லை. மிக அதிக அளவுச் செறிவுச் சாறு விலங்குகளின் கல்லீரலைப் பாதித்திருக்கிறது. தேநீர் அளவில் மனிதருக்கு அப்படி ஒரு கவலை எழவில்லை. ஆகவே மாத்திரையாகவும் செறிவுப் பொடியாகவும் விற்கப்படுவதைவிடத் தேநீரையே நான் விரும்புவேன். மருந்துகளோடு மோதுவதைப் பற்றிச் சில பதிவுகள் உண்டு. சூடானில் 1994-இல் வெளியான ஆய்வில் கர்க்கடேயோடு எடுத்தபோது மலேரியா மருந்தான குளோரோகுயின் உடலில் சேரும் அளவு கணிசமாகக் குறைந்தது; பாராசிட்டமால் உடலிலிருந்து சற்று விரைவாக வெளியேறுவதாக நைஜீரியாவின் சிறு ஆய்வு ஒன்று கூறியது. பொதுவாக, எந்த மாத்திரையையும் இந்தப் பானத்தைக் கொண்டு விழுங்காமல் வெறும் நீரில் விழுங்கி, இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுவது பாதுகாப்பான வழக்கம்.

உங்கள் நிலைக்கு வருகிறேன். மேலே சொன்ன டஃப்ட்ஸ் ஆய்வில் இருந்தவர்கள் மாத்திரை எடுக்காதவர்கள்; நீங்கள் எடுப்பவர். செம்பருத்தி அழுத்தத்தைக் குறைக்கும் என்பது உண்மையாக இருக்கும் அளவுக்கு, மாத்திரையோடு சேர்ந்து அது தேவைக்கு மேல் குறைக்கக்கூடும் என்பதும் உண்மை. சிறுநீர் பெருக்கும் மாத்திரையோ காப்டோப்ரில், லிசினோப்ரில் வகையோ நீங்கள் எடுத்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும். சிறுநீரகக் கோளாறும் இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கவே வேண்டாம். ஊறுகாயிலும் பாகிலும் சமையலிலும் சேரும் அளவைப் பற்றி நான் கவலைப்பட மாட்டேன். தினமும் குடிப்பதாக இருந்தால் முதலில் மருத்துவரிடம் சொல்லிவிட்டு, ஒரு கோப்பையில், அதாவது 1.25 கிராமை 240 மில்லி நீரில் ஆறு நிமிடம் ஊறவைத்த அளவில் தொடங்குங்கள். குடிக்கத் தொடங்குவதற்கு முந்தைய ஒரு வாரமும் தொடங்கிய பின் மூன்று நான்கு வாரங்களும் காலையும் மாலையும் ஒரே நேரத்தில், ஐந்து நிமிடம் அமர்ந்த பிறகு, அழுத்தத்தை அளந்து எழுதி வையுங்கள். எழுந்து நிற்கும்போது தலை சுற்றினாலோ, மேல் அழுத்தம் 100-க்கு அருகில் இறங்கினாலோ நிறுத்த வேண்டியது செம்பருத்தியை, மாத்திரையை அல்ல. அளவு நன்றாக இறங்கியிருந்தாலும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள். எழுதி வைத்த தாளை அடுத்த முறை போகும்போது மருத்துவரிடம் காட்டுங்கள், குடிக்கும் கோப்பைகளின் எண்ணிக்கையையும் அதிலேயே குறித்துக் கொடுங்கள்.